டிக்

பன்னிரண்டு பேர் சேராவிட்டால்
மோட்டார் பகுதியைப் பூட்டிவிடுவார்களாம்.
கிளிநொச்சியிலிருந்து வந்த கடிதம்
என் மேசையில் கிறீஸ் பட்டுக் கிடந்தது.

போன மாதம் நாலு பள்ளிக்கூடம் போனேன்.
துண்டுப் பிரசுரம் கொடுத்தேன்,
சம்பளம் சொன்னேன், சான்றிதழ் சொன்னேன்.
பெடியள் அதை மடித்து விமானம் விட்டார்கள்.
ஒன்று நன்றாகவே பறந்தது.
மூக்கில் பாரம் சரியாக வைத்திருந்தான்.
அவனுடைய பேரைக் கேட்காமல் வந்துவிட்டேன்,
என்ன மடைச்சி நான்.

அதன் பிறகுதான் மொறிஸ் மைனர்.
விசுவமடுப் பழைய இரும்புக்காரரிடம்
நிறுத்து வாங்கினது, கிலோக் கணக்கில்.
லொறியோடு மோதிச் செத்த ஹையேஸ் ஒன்றின் எஞ்சின்.
நிருத்திகன் இரவிரவாய் வெல்டிங் பிடித்தான்.
முன் மட்காட் இரண்டையும் வெட்டி எறிந்தோம்,
பொனற்றின் பக்கத் தகடுகளையும்.
முன்பக்கம் தாழ, பின்பக்கம் உயர,
பாயப்போகிற பூனை மாதிரி ஒரு நிற்பு.
பெயின்ற் மட்டும் கடைசியாக மிஞ்சிய காசுக்கு:
தபால் பெட்டிச் சிவப்பு.

றோட்டில் ஓட்ட அனுமதி இல்லை.
ரக்டர் பெட்டியில் ஏற்றி
மாங்குளம் சந்தியால் திரும்பி
மல்லாவி தாண்டித் துணுக்காய் மட்டும்,
கல்யாண மாப்பிள்ளை போல
கார் ஊர்வலம் போனது.

இடைவேளை மணி.
மைதானத்தின் நடுவில் இறக்கினோம்.
முந்நூறு பேர், முப்பது போன்.
திறப்பைத் திருப்பினேன்.

டிக்.

இன்னொருதரம்.
டிக்.

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு.
அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"மிஸ், தள்ளுவமோ?"
தள்ளினார்கள். மணலில் புதைந்தது.
பிறகு ஒவ்வொருவராய்க் குனியத் தொடங்கினார்கள்.
பற்றரி செத்துப்போச்சு என்றான் ஒருவன்.
இல்லையடா, ஹோர்ன் அடிச்சுப் பார்.
டீசல் வரேல்லை.
டீசலுக்கும் டிக்குக்கும் என்னடா சம்பந்தம்?
விசர்க் கதை கதையாதை.

கதவுப் பக்கம் ஒருவன்
ஓட்டைக்குள் விரல் விட்டுப் பார்த்தான்.
"டிசைனோ மிஸ்?"
அவற்றை ஒட்டவேண்டாம் என்று
நிருத்திகனிடம் சொன்னது நான்தான்.
இல்லை, என்றேன்.
விரலை எடுத்தான்.
பிறகு ஒன்றும் பேசாமல்
மற்றவற்றை எண்ணிக்கொண்டு போனான்,
கதவிலிருந்து பின் தகடு வரைக்கும்.
எண்ணிக்கையை அவனும் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்தப் பெட்டை.
இரட்டைப் பின்னலைத் தூக்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டு,
"லைற்றைப் போட்டிட்டுத் திருப்புங்கோ" என்றாள்,
எனக்குக் கட்டளை!
திருப்பினேன். லைற் மங்கியது.
வயரின் வழியே கையை ஓட்டினாள்,
பற்றரியிலிருந்து சட்டம் வரைக்கும்.
கை நின்றது.
"இதிலை சுடுது."

எர்த் வயர். நட் இளகிக் கிடந்தது.
வீட்டில் தண்ணீர்ப் பம்பிக்கு
இதே வருத்தம் வாறது என்றாள்.
பத்தாம் நம்பர் ஸ்பானரை நீட்டினேன்.
பன்னிரண்டு, என்றாள் நட்டைப் பார்த்து.
பன்னிரண்டுதான்.

சைலன்சர் போடாத எஞ்சின் ஒன்று
துணுக்காய் வெயிலுக்குள் எழும்பிய சத்தத்தை
எழுத்தில் வைக்க எனக்குத் தெரியாது.
மூன்றாம் பாடம் நடக்கவில்லை, அதுதான் தெரியும்.
மூன்று தரம் மைதானத்தைச் சுற்றினோம்.
கரப்பந்து வலை ஒன்று போனது.
அதற்கான பற்றுச்சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

பதினேழு படிவம் வந்தது.
விரும்பும் தொழில் என்ற இடத்தில்
ஒன்பது பேர் 'சிவப்புக் கார்' என்று எழுதியிருந்தார்கள்.
பரவாயில்லை.

கம்சிகாவின் படிவம் கடைசியாக வந்தது.
தாயின் கையெழுத்து, உறைக்குள் மடித்த
பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, எல்லாம் ஒழுங்கு.
'வேறு விபரங்கள்' என்ற கோட்டின் மேல்
பென்சிலால் சின்னதாக:

ஸ்பிறிங் வாசர் போட்ட நட்
தானாய்க் கழராது மிஸ்.
கழட்டினது ஆர்?

இரண்டு தரம் வாசித்தேன்.
வலது பெருவிரல் நகத்துக்குள்
செம்புக் களிம்பு இன்னும் பச்சையாய் இருந்தது.
சவர்க்காரத்துக்கும் போகேல்லை.